ஏழு குப்பி அபிஷேகம்

சம்பந்தி வீட்டார் புடவை கொடுத்தால், அடுத்த முறை அவர்கள் கண்ணில் படும்போது அந்தப் புடவை உடம்பில் இருக்க வேண்டும். இதைத் திருத்தணியில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சோற்றுக்கு உப்புப் போடுவதுபோல எல்லோருக்கும் தெரியும். பிரேமாவுக்கும் தெரியும். அவளுடைய சங்கடமெல்லாம், சம்பந்தியம்மா இந்த முறை கொடுத்தது புடவை இல்லை, முகத்தில் பூசிக்கொள்கிற சமாசாரம் என்பதுதான்.

புரட்டாசியில், மகள் மோனிகாவின் வளைகாப்புக்கு நாள் குறிக்க அம்பத்தூரிலிருந்து வந்த கௌரியம்மாள், தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு ஒரு வெள்ளை அட்டைப்பெட்டியையும் வைத்துக் கொடுத்தாள். உள்ளே ஏழு குப்பிகள். கொரியா சரக்கு. அந்த ஊரில் பெண்களின் முகம் கண்ணாடி மாதிரி இருக்குமாம். பிரேமா பெட்டியைப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு மேல் பத்திரமாக வைத்தாள். மோனிகா மட்டும் போன் செய்யாமல் இருந்திருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும்.

“போட ஆரம்பிச்சியாம்மா? வளகாப்புக்கு நீ வந்ததும் அத்தை உன் மூஞ்சியதான் பாப்பாங்க.”

“போடறேன்டி, போடறேன்.”

ஐப்பசி அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது பிரேமா பெட்டியைப் பிரித்தாள். எது முதலில், எது பிறகு, எது எப்போது என்று குப்பிகளின் மேல் எழுதித்தான் இருந்தது. ஆனால் பாதி ஆங்கிலம், பாதி கொரியா எழுத்து, எல்லாம் எறும்பு அளவு. அவளுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். முப்பது வருடமாக மலைமேல் பார்த்துவரும் முறை. பால், தயிர், தேன், பஞ்சாமிர்தம், இளநீர் என்று ஒன்றன்பின் ஒன்றாக, நடுநடுவே தண்ணீர் விட்டு, ஒரே மூச்சில் செய்வது. அவளும் அப்படியே செய்தாள். வெள்ளையாக இருந்ததை முதலில் பூசினாள். கெட்டியாக இருந்ததை அடுத்துப் பூசினாள். தேன் நிறத்தில் இருந்தது மூன்றாவது. கடைசிக் குப்பியில் சங்குப் படம் போட்டிருந்தது. சங்காபிஷேகம் எப்போதும் கடைசியில்தான் என்பதால் அதை முடிவுக்கு வைத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலே வழக்கமான மஞ்சள். பிறகு வெயிலில் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறிச் சாமி கும்பிட்டாள். தினமும்.

நாலாம் நாள் முகம் சிவந்தது. ஏழாம் நாள் எரிந்தது. ஒன்பதாம் நாள் வெங்காயத்தோல் மாதிரி உரிந்தது. கொடுத்தவர்கள் மனம் கோணக் கூடாது என்று அவள் நிறுத்தவில்லை. அமாவாசையன்று ஏழு குப்பியும் காலி.

மறுநாள் சஷ்டி விரதத்துக்குக் காப்புக் கட்டிக்கொண்டாள். மோனிகாவுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டுதல். ஆறு நாளும் பாலும் பழமும்தான். கோபப்படக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. மலைமேல் இருப்பவன் கோபம் தணிந்து வந்து அமர்ந்தவன். கோபப்பட்டால்கூட மன்னித்துவிடுவான். பொய்யை எப்படி எடுத்துக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியாது. வளைகாப்போ விரதத்தின் மூன்றாம் நாள் வந்து நின்றது.

மூஞ்சிக்கு என்ன ஆயிற்று என்று அங்கே யாராவது கேட்பார்கள். வெயிலில் கருகிவிட்டது என்றால் பொய், வேண்டுதல் போகும். நீங்கள் கொடுத்ததால்தான் என்றால் நாலு பேர் நடுவில் சம்பந்தியின் தலை குனியும். அந்த வீட்டில் காலம் முழுக்க இருக்கப்போகிறவள் மோனிகா.

“பேசாம ‘அலர்ஜி’ன்னு சொல்லிடு” என்றார் கஜபதி. அவளுடைய கணவர், தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். “எல்லா வியாதிக்கும் அந்த ஒரு பேரு போதும்.”

“இன்னாத்தால அலர்ஜின்னு கேப்பாங்களே.”

கஜபதி ஸ்டேஷன் பக்கம் நடையைக் கட்டினார். அவர் கையில் ஏழு வகைச் சாதம் அடங்கிய எவர்சில்வர் அடுக்கு இருந்தது. அதன் கனத்தில் அவருக்கு அலர்ஜிக்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

மின்சார ரயில் கடைசி நிமிடத்தில் அடுத்த பிளாட்பாரத்துக்கு மாறியது. அடுக்கு, வளையல் பெட்டி, பூக்கூடை எல்லாவற்றோடும் ஓடி ஏறினார்கள். உட்கார இடமிருந்த இரண்டு சீட்டிலும் பைகள் உட்கார்ந்திருந்தன.

“ஆள் வர்றாங்க” என்றார் பைகளின் சொந்தக்காரர். அரக்கோணம் வரை யாரும் வரவில்லை. பைகள் சௌகரியமாக வந்தன. எதிரே ஒருவர் காதில் எதுவும் செருகிக்கொள்ளாமல், பெட்டி முழுக்கக் கேட்கும்படி போனில் பட்டிமன்றம் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேமாவுக்குக் கோபம் வந்தது. காப்பைத் தொட்டுக்கொண்டாள். கோபம் போய், திரும்பவும் வந்தது.

அரக்கோணத்தைத் தாண்டி வண்டி சிக்னலுக்காக நின்றது. அசைவு நின்றதும் அடுக்கிலிருந்து புளியோதரை வாசனை எழுந்து பெட்டியெல்லாம் பரவியது. பட்டிமன்றக்காரர் போனை நிறுத்திவிட்டு, “பொட்டலம் எவ்ளோங்க?” என்று கஜபதியிடம் கேட்டார்.

“விக்கறதுக்கு இல்லீங்க. பொண்ணு வளகாப்பு.”

“ஆங்” என்றார் அவர், நம்பாமல். ஆனால் எழுந்து பிரேமாவுக்கு இடம் விட்டார்.

பக்கத்தில் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை மாட்டியிருந்த பெண் பிரேமாவின் முகத்தைப் பார்த்து ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்தாள். அட்டையில் அபி என்று போட்டிருந்தது. பிறகு பிரேமாவின் பைக்குள் தெரிந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்ததும் இரண்டு அங்குலம் கிட்டே வந்தாள். பெட்டியில் இருந்தவை ஏழு காலிக் குப்பிகள். புடவையைக் கட்டிக் காட்டலாம். இதை வேறு எப்படிக் காட்டுவது என்றுதான் பிரேமா எடுத்து வந்திருந்தாள்.

“ஆன்ட்டி, எல்லாத்தயும் ஒரே நேரத்துலயா போட்டீங்க?”

“ஆமாம்மா. வரிசையா.”

“இது ராத்திரிக்கு மட்டும், பட்டாணி அளவு. இது வாரத்துக்கு ஒருவாட்டி. இதப் போட்டுகினு வெயில்லயே போகக் கூடாது.” அபி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். “மஞ்சள் ஏதாச்சும்?”

“மேல பூசினேன்.”

அபி குப்பிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.

“இந்தச் சங்கு மட்டும் நல்லதுதானே?” என்றாள் பிரேமா.

“அது சங்கு இல்ல ஆன்ட்டி. நத்தை. நத்தையோட வழவழப்பு.”

கஜபதி அடுக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. பிரேமா விரல் விட்டு எண்ணினாள். கடைசியாகப் பூசியது அமாவாசை காலை. காப்புக் கட்டியது மறுநாள், தலை முழுகிவிட்டு. விரதத்தில் நத்தை சேரவில்லை. ஏழு குப்பியும் சரியாக அன்றைக்குத் தீர்ந்துபோனதற்கு அவள் மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொண்டாள். யார் செய்த ஏற்பாடு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அம்பத்தூரில் அவர்கள் இறங்கியதும், “தேங்காயெண்ணெய் மட்டும் வைங்க ஆன்ட்டி. வேற ஒண்ணும் வாணாம்” என்று அபி ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

வீட்டுக் கூடத்தில் மனைமேல் மோனிகா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கை நிறைய வளையல் ஏறக் காத்திருந்தது. சுற்றிலும் இருபது பெண்கள். கௌரியம்மாள் வாசலுக்கு வந்தாள். தீபாவளிக்குப் பிரேமா அனுப்பியிருந்த அம்மையார்குப்பத்துக் கைத்தறிப் புடவையைத்தான் கட்டியிருந்தாள். வீட்டில் எப்போதும் வழவழவென்று ஜார்ஜெட் கட்டுகிறவள். இந்தக் கெட்டிச் சரிகையும் கஞ்சியும் அவளைச் சுற்றிக் கூடாரம்போல நின்றன.

“வாங்க சம்பந்தி, வா…” என்றவள் பிரேமாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அவள் நிறுத்தினாலும் எல்லம்மாள் நிறுத்தவில்லை. கௌரியம்மாளின் நாத்தனார் அவள். எதையும் மெல்லச் சொல்லிப் பழக்கமில்லை.

“இன்னாம்மா இது! மூஞ்சியெல்லாம் உரிஞ்சிக்கினு கீது? கௌரி இன்னாவோ கொரியா கிரீம்லாம் குடுத்தாளாமே, அதப் போட்டா இப்பிடி ஆயிட்ச்சி?”

இருபது பெண்களும் திரும்பினார்கள். மோனிகா தலையைக் குனிந்துகொண்டாள். ரயிலில் இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட பிரேமாவுக்கு ஞாபகம் வரவில்லை. காப்பு கட்டிய கை தானாகப் பைக்குள் போய் வெள்ளைப் பெட்டியைத் தொட்டது.

“சம்பந்தி ஆசையா குடுத்தது. ஒரு சொட்டு மிச்சம் வெக்கல நானு” என்றாள்.

அதில் பொய் எதுவும் இல்லை.

எல்லம்மாள் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் கௌரியம்மாள் நலங்குத் தட்டிலிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நாலு விரல் நிறையச் சந்தனம் அள்ளி, பிரேமாவின் இரண்டு கன்னத்திலும் கனமாகப் பூசினாள். பிறகு நெற்றியில். பிறகு தாடையில்.

“பொண்ணு சந்தனம் வாங்கறதுக்கு முன்னாடி, பெத்தவளுக்குப் பூசணும்.”

“இது எப்பலேந்து நம்ம வூட்ல?” என்றாள் எல்லம்மாள்.

“இன்னைலேந்து. வா, நீயும் வெய்யி.”

எல்லம்மாள் யோசித்தாள். சடங்கு என்று வந்துவிட்ட பிறகு அதில் பின்தங்கி அவளுக்குப் பழக்கமில்லை. எழுந்து வந்து பூசினாள், இன்னும் கனமாக. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். கடைசி ஆள் வைத்து முடிக்கும்போது பிரேமாவின் கண்ணும் வாயும் மட்டும் வெளியே தெரிந்தன. மோனிகா தலை நிமிர்ந்து பார்த்து, சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு வளையல் அடுக்கினார்கள், ஆரத்தி எடுத்தார்கள், ஏழு வகைச் சாதமும் பந்தியில் தீர்ந்தது. முகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சமையலறையில் தனியாக இருக்கும்போது கௌரியம்மாள் ஒரு டம்ளர் பாலை நீட்டினாள்.

“எரியுதா?”

“காத்தால எரிஞ்சிது. இப்ப சில்லுனு இருக்குது.”

“எத்தினி நாள்ல தீத்தீங்க?”

“பத்து.”

“ஆறு மாசத்துக்கு வரும்னு கடைல சொன்னாங்க” என்றாள் கௌரியம்மாள். அவள் கண் கலங்கியது. அடுத்த நொடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். “மன்னிச்சிருங்க சம்பந்தி. படிச்சிக் காட்டாம குடுத்தது என் தப்பு.”

“அய்ய, இன்னா பேச்சு இது.”

சிரிக்கும்போதே கௌரியம்மாளின் கை இடுப்புக்குப் போய்ச் சொறிந்தது. பிறகு பின்கழுத்துக்கு. பிரேமா அப்போதுதான் பார்த்தாள். சரிகைக் கரை உரசிய இடமெல்லாம் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது.

“சரிகை குத்துதா சம்பந்தி? மாத்திக்கோங்களேன்.”

“குத்தலயே. பஞ்சு மாதிரி கீது” என்றாள் கௌரியம்மாள். அவளுக்கு விரதம் எதுவும் இல்லை.

நாம் இருக்கும்வரை இவள் இந்தப் புடவையை அவிழ்க்கப்போவதில்லை என்று பிரேமாவுக்குப் புரிந்தது. கூடத்துக்கு வந்தாள். கஜபதி பந்தி முடிந்து ஒரு தலையணையைக் கண்டுபிடித்து, அதில் தலையை வைக்கப்போகிற நேரம்.

“ஏங்க, கெளம்புங்க. ரெண்டரை வண்டியப் புடிக்கலாம்.”

“அஞ்சரைக்குன்னுதானே சொன்னே?”

“ரெண்டரைக்குப் போலாம்.”

“இன்னா சம்பந்தி அவசரம்? காபி சாப்ட்டுப் போலாம்” என்று கௌரியம்மாள் ஓடி வந்தாள், இடுப்பில் கையோடு.

“விரதம் சம்பந்தி. பொழுதோட போயி வெளக்கேத்தணும்.” அதுவும் உண்மைதான். மோனிகாவை ஒன்பதாம் மாதம் வந்து அழைத்துக்கொண்டு போவதாக ஏற்கெனவே பேச்சு. மகளின் வளையல் கையைப் பிடித்து ஒருமுறை குலுக்கிவிட்டுப் பிரேமா படியிறங்கினாள்.

ரயிலில் கூட்டம். காய்ந்த சந்தனத்தோடு பிரேமா ஏறியதும் மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்து இடம் விட்டார்கள். ஒரு வயதான அம்மா அவளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கஜபதி காலி அடுக்கோடு நின்றபடியே வந்தார்.

“தூங்கவும் வுடல. நின்னுகினு வேற வரணும்” என்றார்.

ஆவடி தாண்டியதும் போனில் ஒரு படம் வந்தது. மோனிகா அனுப்பியிருந்தாள். பூப்போட்ட நைட்டியில் கௌரியம்மாள், மின்விசிறிக்கு நேர்கீழே, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தேங்காயெண்ணெய் மினுமினுத்தது.

பிரேமா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். சிரித்ததில் கன்னத்துச் சந்தனம் சின்னதாக வெடித்து மடியில் உதிர்ந்தது. அதை விரலால் ஒற்றி எடுத்து கஜபதியின் நெற்றியில் வைத்தாள்.

“முருகா” என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கஜபதியின் நெற்றியைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஒதுங்கி அவருக்கும் இடம் விட்டார்.