அந்த வரியில் புருஷன் இல்லை

உதயகுமாரியைப் புருஷனோடு சேர்த்து வைக்கச் சபை மூன்று பேரை அனுப்பியது. ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் சபை வாடகைக்கு எடுக்கும் பள்ளிக்கூட வகுப்பறை. சனிக்கிழமை காலை, சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்: பாஸ்டர் பாலசிங்கம், மூப்பர் இரவீந்திரன், மூப்பரின் மனைவி இராஜேஸ்வரி. இராஜேஸ்வரி பேசுவதற்கு வரவில்லை. ஒரு பெண்ணை விசாரிக்கிற இடத்தில் இன்னொரு பெண் இருந்தால் பார்வைக்கு நல்லது என்று கூட்டி வந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். உதயகுமாரியின் புருஷன் பேர்கனில் இருக்கிறார். பெயர் சற்குணம்; பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் அவர் முறித்த மணிக்கட்டோடுதான் அவள் ஒஸ்லோவுக்கு ரயில் ஏறினாள். நோர்வேச் சட்டப்படி பிரிந்தும் ஆயிற்று. இப்போது காலையில் முதியோர் இல்லத்தில் வேலை, பின்னேரத்தில் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் இலத்தீனும். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் வேதம் வாசிப்பவள் அவள்தான். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே மற்ற ஆறு நாளையும் இழுத்து முடிப்பாள்.

போன மாதம் சற்குணம் பேர்கனில் ஞானஸ்நானம் எடுத்தார். எடுத்த கையோடு ஒஸ்லோச் சபைக்குக் கடிதம் போட்டார்: என் மனைவியைத் திருப்பி அனுப்புங்கள்.

பாஸ்டர் வேதாகமத்தை விரித்தார். "'மனந்திரும்புங்கள்.' தமிழ்தானே சகோதரி? மனம், திரும்பு. சற்குணம் திரும்பியிட்டார். இனி நீங்கள் திரும்ப வேணும்."

"எங்கை?"

"எங்கையெண்டால்? பேர்கனுக்கு."

உதயகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், மனுஷன் கடை தெரியாமல் வந்து விலை கேட்கிறார். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷமாக அவள் ஆராய்ந்துகொண்டிருப்பது இந்த ஒற்றைச் சொல்லை.

"பாஸ்டர், அது கிரேக்கத்திலை 'மெத்தநோயா.' நினைப்பு மாறுறது. புத்தி புதுசாகிறது. அதை இலத்தீனிலை கொண்டு வந்தவை 'தவம் செய்' எண்டு எழுதிவிட்டினம். பிறகு ஆயிரம் வருஷம் சனம் முழங்காலிலை நிண்டுது, பட்டினி கிடந்தது, தண்டம் கட்டிச்சுது. ஐந்நூறு, அறுநூறு வருஷத்துக்கு முந்தித்தான் இத்தாலியிலை ஒராள் பழைய கிரேக்க ஏடுகளை எடுத்து, இலத்தீனுக்குப் பக்கத்திலை வைச்சுப் பாத்தார். பிறகு ஒரு ஒல்லாந்தர்..."

"எங்கடை யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டின ஒல்லாந்தரோ?" என்றார் மூப்பர்.

"இல்லையண்ணை, அவைக்கு முந்தினவர். இவர் கோட்டை கட்டேல்லை, உடைச்சவர். ரெண்டு மொழியையும் பக்கம் பக்கமா அச்சடிச்சு, இஞ்சை பாருங்கோ பிழை எண்டு காட்டினவர். இலக்கணம் படிச்ச உனக்கு வேதத்திலை என்ன வேலை எண்டு குருமார் கத்திச்சினம். வேதமும் சொல்லாலைதானே எழுதியிருக்கு, சொல்லுக்கு இலக்கணம் இருக்கெல்லே எண்டதுதான் அந்த ரெண்டு பேரின்ரையும் பதில்."

பாஸ்டர் கோபப்படவில்லை. ஊழியத்துக்கு வருமுன் யாழ்ப்பாணம் பெரியகடையில் புடவைக்கடை வைத்திருந்தவர். வாடிக்கையாளர் சேலையில் குறை சொன்னால் கோபப்படக் கூடாது, அடுத்த சேலையை விரிக்க வேண்டும் என்பது தெரியும்.

"நானும் பைபிள் கொலிச்சிலை படிச்சனான் பிள்ளை. பழைய ஏற்பாட்டிலை எபிரேயச் சொல்லு 'திரும்பு' எண்டுதான் இருக்கு. மறுப்பீங்களோ?"

"மறுக்கேல்லை. ஓம், 'திரும்பு' தான். ஆனா ஆரிட்டை? 'என்னட்டைத் திரும்பு' எண்டு கடவுள் சொல்லுறார். சற்குணத்திட்டைத் திரும்பு எண்டு சொல்லேல்லை. முழுக்க வாசிச்சுப் பாருங்கோ. அந்த வரியிலை புருஷன் இல்லை."

மூப்பர் கதிரையில் நெளிந்தார். கதிரை கிறீச்சிட்டது. பாஸ்டர் குரலை இறக்கினார்.

"சரி, ஒரேயடியாப் போக வேண்டாம். கிறிஸ்மஸுக்குப் போய் ஒரு கிழமை இருந்திட்டு வாங்கோ."

"மாட்டன்."

"ரெண்டு நாள்?"

"மாட்டன்."

"அட, போக வேண்டாம். போனிலை ஒரு மன்னிப்பு. அவரின்ரை மனம் ஆறும்."

"ஆர் கேக்கிறது?"

"நீங்கள்தான்."

"முறிஞ்சது என்ரை கை பாஸ்டர்."

உதயகுமாரி சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்றவரின் மகள். எதிராளி மூன்று தரம் இறங்கினால் சரக்கில் ஓட்டை என்று அவளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

"கடவுளின்ரை கட்டளை எண்டால் ஒரே விலையெல்லே?" என்றாள். "பத்து நிமிஷத்திலை ஒரு ஆயுள் காலத்தை ஒரு போனுக்கு இறக்கிப்போட்டியள். அப்ப இது அவரின்ரை விலையில்லை, உங்கடை விலை. நான் வாங்கேல்லை."

"நீங்கள் வேதத்தைத் திருத்தப் பாக்கிறியள்!" மூப்பர் எழுந்தே விட்டார். கதிரையும் இடுப்போடு கூட எழுந்தது.

"வேதத்தையில்லையண்ணை. உங்களை."

பாஸ்டர் வேதாகமத்தை மூடினார். "அப்ப நாளையிலையிருந்து வாசிப்பு உங்களுக்கில்லை. இராஜேஸ்வரி வாசிப்பா."

அடி அங்கே விழுந்தது. ஒரு போன். ஒரு நிமிஷப் பொய். வாசிப்பு மிஞ்சும். அந்தக் கணக்கு உதயகுமாரியின் தலைக்குள் ஒருதரம் ஓடியது என்பதை மறைத்து என்ன பயன்? ஓடத்தான் செய்தது. பிறகு மேலங்கியை எடுத்து மாட்டினாள்.

"வாசிப்பை எடுங்கோ. வாசிக்கத் தெரிஞ்சதை எடுக்கேலாது. நாளைக்கு வருவன்."

வந்தாள். வழக்கமாகப் பின்வரிசையில் இருப்பவள் அன்று முன்வரிசையில், பாஸ்டரின் மூக்குக்கு நேரே இருந்தாள். மடியில் கிரேக்கப் புதிய ஏற்பாடு, செங்கல் மாதிரி. சபை முழுவதற்கும் சேதி ஏற்கெனவே போயிருந்தது. பக்கத்து ஸ்டோவ்னர் அங்காடியில் மீன் வாங்கப் போனவர்கள் கூட அதைத்தான் கதைத்தார்களாம். ஒருவரும் அவளுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. இரண்டு பக்கமும் நாலு நாலு கதிரை வெறுமை.

இராஜேஸ்வரி தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தாள். பாஸ்டர் பிரசங்கத்துக்கு ஏறினார். தலைப்பு திரையில் பெரிய எழுத்தில் விழுந்தது: மனந்திரும்புதல். அவர் ஒரு வசனம் சொன்னார். உதயகுமாரி பக்கம் புரட்டினாள், விரலை வரியில் வைத்தாள், நிமிர்ந்து பார்த்தாள். அவர் இன்னொன்று சொன்னார். அவள் மறுபடி புரட்டினாள். ஒரு சொல் பேசவில்லை. தாள் சத்தம் மட்டும்.

மூன்றாம் தரம் பாஸ்டர் "மனந்..." என்று தொடங்கினார். அவளுடைய விரல் தயாராக இருந்தது. அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, கர்த்தருடைய அன்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மிச்ச நாற்பது நிமிஷமும் அன்புதான். தலைப்பில் இருந்த சொல் அவர் வாயில் அதற்குப் பிறகு வரவேயில்லை. சபையில் சில பெண்கள் திரையைப் பார்த்தார்கள், பாஸ்டரைப் பார்த்தார்கள், பிறகு உதயகுமாரியின் முதுகைப் பார்த்தார்கள்.

ஆராதனை முடிந்து கோப்பி ஊற்றும் நேரம். அவளை இனி ஒருவரும் வாசிக்கக் கூப்பிடப் போவதில்லை. அது அவளுக்குத் தெரியும். வலித்தது. ஆனாலும் எழுந்து போகாமல் அங்கேயே இருந்தாள்.

பக்கத்துக் கதிரை இழுபட்டது. இராஜேஸ்வரி. கையில் இரண்டு கோப்பி. மூப்பர் எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"கையைக் காட்டும் பாப்பம்... இன்னும் நோகுதோ?"

"குளிருக்கு மட்டும், அக்கா."

"ம்." ஒரு மிடறு குடித்தாள். "பிள்ளை, புருஷனுக்குக் கீழ்ப்படி எண்டு ஒரு வரி இருக்கெல்லே. இவர் கலியாணம் கட்டின நாளிலையிருந்து எனக்குச் சொல்லுறார், இருபத்தாறு வருஷம். அது கிரேக்கத்திலையும் இருக்கோ?"

"இருக்கு அக்கா. பொய் சொல்ல மாட்டன்."

இராஜேஸ்வரியின் முகம் விழுந்தது.

"ஆனா அதுக்கு முதல் வரி உங்களுக்கு ஆரும் வாசிச்சுக் காட்டினவையோ?" என்றாள் உதயகுமாரி. புத்தகத்தை இருவர் மடிக்கும் நடுவில் விரித்தாள். "ஒருத்தருக்கு ஒருத்தர் கீழ்ப்படியுங்கோ எண்டு தொடங்குது. வாங்கோ, அங்கையிருந்து வாசிப்பம். கொஞ்சம் சத்தமா."