ரயிலேறிய பாவு

எங்கள் தோப்புத்தெரு ரயில் நிலையத்தை 1959இல் மூடினார்கள். ரயில் நின்ற காலத்திலும் நாங்கள் ஏறியதில்லை. தறியை விட்டுவிட்டு எங்கே போவது? மூடிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. பட்டு இழைகளைப் பாவாக நீட்டிப் பிடித்து, கஞ்சி தடவிக் காயவைக்க அந்தப் பிளாட்பாரம் போல ஓர் இடம் காஞ்சிபுரத்திலேயே கிடையாது. தெருவில் போட்டால் மாடு குறுக்கே வரும். இங்கே யாரும் வரமாட்டார்கள்.

ஒன்பது வருஷம் கழித்து, என் மகள் மங்கையர்க்கரசியின் கூறைப்புடவைக்குப் பாவு போட்டேன். தெருவே வந்து பிடித்தது. ஈரம் காயுமுன் கையை விட்டால் இழையெல்லாம் ஒட்டிக்கொள்ளும், புடவை போச்சு. அந்த நேரம் பார்த்தா ஒரு ரயில் வந்து நிற்க வேண்டும்! நிலையத்தை மறுபடி திறக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி இறங்கினார்.

"யாருய்யா நீங்கல்லாம்? இங்க என்ன வேலை?"

அத்துமீறி நுழைந்தால் ஜெயில் என்று பலகை வேறு இருந்தது. என் மச்சான் பஞ்சாட்சரத்துக்கு யோசிக்கும் பழக்கமே கிடையாது. "ரயிலுக்குக் காத்துக்கினு இருக்கோம் சார்" என்றான்.

"இங்க ரயிலே நிக்கிறதில்லையே! ஒன்பது வருஷம் ஆச்சே!"

"அதான் சார், ரொம்ப நேரமா காத்துக்கினு இருக்கோம்."

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அடப் பாவமே! எல்லாரும் ஏறுங்க. டிக்கெட் வேணாம்!"

மாட்டோம் என்றால் குட்டு உடையும். பாவு கீழே விழுந்தால் கல்யாணப் புடவை போகும். எனக்கு அழுகையே வந்தது. "பாவோட ஏறுங்கப்பா!" என்று கத்தினேன். இருபத்திரண்டு பேரும் வரிசை குலையாமல் நான்கு பெட்டிகளில் ஏறி, ஜன்னலுக்கு ஜன்னல் கையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டோம்.

"என்னய்யா அது?" என்றார் அதிகாரி.

"பழக்கமில்ல சார். வுழுந்துடாம இருக்கக் கயிறு" என்றான் பஞ்சாட்சரம். அவன் கழுத்தை நெரிக்க என்னிடம் ஒரு கைகூட மிச்சமில்லை.

வாலாஜாபாத் வருவதற்குள் பாவு காய்ந்துவிட்டது. ஓர் இழைகூட அறவில்லை. ஆனால் மாந்துளிர் நிறம் முழுக்க எஞ்சின் கரி பொட்டுப் பொட்டாகப் படிந்திருந்தது.

வீட்டில் என் மனைவி நீலாம்பாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "கரி பட்டதையா மணவறையில கட்டுவா?" வேறு பாவு போட நாளில்லை. மங்கையர்க்கரசிதான் மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"தெருவே ரயிலேறிக் காப்பாத்தினது இது. இதையே நெய்ப்பா, கட்டிக்கிறேன்."

தறியில் உட்கார்ந்து அழுதபடியே நெய்தேன். நிலையத்தைத் திறக்கச் சொல்லி அந்த அதிகாரி நாலு பக்கம் எழுதினாராம். நல்லவேளை, மேலே யாரும் படிக்கவில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா புடவையைத் தடவித் தடவிப் பார்த்தார். "இன்னா அழகா இருக்குது இந்தப் பொட்டு! எப்படிப் போட்டீங்க?"

பஞ்சாட்சரம் வாயைத் திறந்தான். நான் ஒரு முழு லட்டை அதில் திணித்தேன்.