சூளைக்குப் பக்கத்து ரூமில் ரெண்டு கம்ப்யூட்டர்

தேவி பாகம் பாகமாகத் தன் கையால் பூட்டிய கம்ப்யூட்டர் மறுபடியும் பொட்டென்று அணைந்தது. சும்மா ஓடும்போது ஒரு குறையும் இல்லை. பாட்டுப் போட்டால் பாடுகிறது, படம் போட்டால் காட்டுகிறது. பிராசசரை மூச்சுவிடாமல் வேலை வாங்கிப் பார்க்கும் சோதனை புரோகிராமைப் போட்டால்தான், ஒரு டீ ஆறுகிற நேரம்கூடத் தாங்காமல் திரை இருண்டுவிடுகிறது.

நாளைக்குப் பந்தயம். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி நடத்தும் கோவிந்தராசு, ஆபீஸ் முழுக்கப் புதுக் கம்ப்யூட்டர் போட நினைத்திருந்தார். ராஜ்மோகன் ஒன்று கொண்டுவர வேண்டும், தேவி ஒன்று கொண்டுவர வேண்டும். சூளைக்குப் பக்கத்து ரூமில் இரண்டையும் வைத்து, உச்சிவெயிலில் இதே சோதனையை ஓட்டுவார்கள். எது அணையாமல் தாங்குகிறதோ அவர்களுக்கு ஆர்டர். இந்த யோசனையை முதலாளி காதில் போட்டவளே தேவிதான். ராஜ்மோகனின் கம்ப்யூட்டர் கடையில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவள் அவள். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள பெட்டியின் முதுகில் ஒரு ஃபேன் வேண்டும். அதை ராஜ்மோகன் வைக்கவே மாட்டான். முன்னால் நீல லைட் எரிந்தால் அவனுக்குப் போதும்.

போன வருஷம் ஒரு டாக்டரின் கம்ப்யூட்டரில் ராஜ்மோகன் ஒயரை மாற்றிச் சொருகிப் புகைய விட்டான். டாக்டர் கடைக்கு வந்து கத்தியபோது, கூட்டத்துக்கு நடுவில் தேவியைக் கைகாட்டினான். "மண்ணு பிசையிற வூட்டுப் பொண்ணு சார். கை அதுக்குத்தான் பழகியிருக்குது. என்னா பண்றது, நம்பி வுட்டேன்" என்றான். அன்று தேவி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பேசாததை எல்லாம் நாளைக்கு ஒரே நாளில் வசூல் பண்ணிவிடுவது என்று இருந்தாள்.

அவள் வரிசையாகப் பார்த்தாள். முதலில் ராம் இரண்டையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டினாள். அணைந்தது. அடுத்து, பழைய பெட்டியிலிருந்து பவர் சப்ளையைக் கழற்றி மாட்டினாள். அப்போதும் அணைந்தது. கடைசியில் சூட்டைக் காட்டும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு சோதனையைப் போட்டாள். எண் மாடிப்படி ஏறுவது மாதிரி ஏறி, உச்சிக்குப் போனதும் பெட்டி செத்தது.

பூட்டிய அன்றைக்கு இதே சோதனை மத்தியானம் முழுக்க ஓடியதே. இடையில் என்ன நடந்தது?

"கோகுலு, நான் இல்லாதப்ப யாராச்சும் இதத் தொட்டாங்களா?"

பொம்மைக் கம்பெனியில் அச்சு வார்க்கும் தம்பி கோகுல்ராஜ், சோற்றுத் தட்டை மடியில் வைத்தபடி நிமிர்ந்தான். "செவ்வாக்கெழமை ராஜ்மோகன் அண்ணன் வந்தாருக்கா. உன்னோட பெட்டியப் பாக்கணும்னாரு. நான் தண்ணி எடுத்தாரதுக்குள்ள உத்து உத்துப் பாத்துக்கிட்டு நின்னாரு."

தேவிக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். உள்ளே கையை விட்டிருக்கிறான். அதை நாளைக்கு எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டலாம். அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனையும் உலோகக் கட்டையையும் கழற்றித் திருப்பினாள்.

பிராசசருக்கும் கட்டைக்கும் நடுவில், சூட்டைக் கடத்துவதற்காக அவள் தடவிய பேஸ்ட் அங்கே இல்லை. வேறு என்னவோ ஒன்று வெள்ளையாகக் காய்ந்து, கோடை வயல் மாதிரி வெடித்து, விரலால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கட்டையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஊசிக் கீறல்கள் இருந்தன. பீங்கான் கோப்பைக்குக் கைப்பிடிக் காது ஒட்டுகிறவர்கள், பிடிப்பு வருவதற்காகக் கீறுகிற கீறல். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். காது ஒட்டத் தடவுகிற மண்கூழ்.

"கோகுலு."

"நீதானக்கா தூசி ஊதச் சொன்ன. கழட்டுனேன். வெள்ளையா என்னமோ ஓரமெல்லாம் பிதுங்கி அசிங்கமா இருந்துது. சரியா ஒட்டலன்னு தொடச்சிட்டு, கீறி, நல்ல கூழா தடவி அமுக்கி வச்சேன். ஒட்டுச்சு இல்ல?"

"நல்லா ஒட்டுச்சு. சூளையில வேற வச்சிருந்தா இன்னும் ஒட்டியிருக்கும்."

கோகுலுக்கு விஷயம் புரிந்ததும் தட்டைக் கீழே வைத்தான். தேவிக்குத் தம்பி மேல் வந்த ஆத்திரத்தைவிட, ராஜ்மோகன் குற்றவாளி இல்லாமல் போன ஏமாற்றம்தான் பெரிதாக இருந்தது. தம்பி தணிந்த குரலில் சொன்னான். "அக்கா, அவரு பெட்டி இப்பவே அந்த ரூமுல வந்து எறங்கிடுச்சு. வாட்ச்மேனு நம்ம நல்லமுத்துதான். நான் போயி அதுலயும் கொஞ்சம் தடவிட்டு வரட்டா?"

தேவி உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ராஜ்மோகனின் பெட்டி எல்லார் முன்னாலும் அணைகிற படத்தை மனசுக்குள் ஆசை தீரப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "வேணாம். யாரோ கைய வச்சிட்டாங்கன்னு சொல்லித் தப்பிச்சுக்குவான். அவன் கையால பூட்டுனதாலதான் அவன் தோக்கணும்."

கீறல்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தாள். புது பேஸ்ட் வேண்டும். ஊரில் அது இருப்பது ஒரே கடையில். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

கடையில் கூட்டம் இருந்தது. ராஜ்மோகன் அவளைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "என்னாம்மா தேவி, பெட்டி படுத்துக்கிச்சா?"

"பேஸ்ட் ஒரு டியூப் குடுங்கண்ணே."

"பந்தயத்துக்கு முந்தின நாளு வந்து பேஸ்ட் கேக்குற. நாளைக்கு எதுக்கும்மா அலையிற, வூட்டுலயே இரேன்." கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் டியூபை எடுத்து மேசைமேல் உருட்டிவிட்டான். "எடுத்துட்டுப் போ. ஓடாத பெட்டிய ஜெயிச்சா எனக்கு என்னா பேரு?"

"சரிங்கண்ணே" என்று எடுத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அவளை வாசல்வரை துரத்தியது. அதையும் நாளைய கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் அந்த ரூமில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதலாளி கோவிந்தராசு ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்த, கோப்பைகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பெண்கள் ஜன்னலில் நெருங்கி நின்றார்கள். இரண்டு திரையிலும் சோதனை ஓடியது. ராஜ்மோகன் முதலாளிக்கு நீல லைட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். பாதிப் பேச்சில் அந்த லைட் அணைந்தது.

பட்டனை அமுக்கினான். எழுந்தது, உடனே விழுந்தது. மறுபடி அமுக்கினான். ஒன்றுமில்லை. தேவியின் பெட்டி மெல்லிய இரைச்சலோடு ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னாப்பா?" என்றார் முதலாளி.

ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த எந்த வார்த்தையும் தேவிக்கு வேண்டியிருக்கவில்லை. ஒன்றும் தெரியாத கஸ்டமரிடம் போனில் பேசுகிற குரலில், ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "பிளக்கு சரியா சொருவியிருக்குதான்னு பாருங்கண்ணே."

பிளக்கில் ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் முதலாளி, "ஆமா, அதப் பாரு மொதல்ல" என்றுவிட்டார். ராஜ்மோகன் இஸ்திரி கலையாத பேண்டோடு முட்டிபோட்டு, மண்தூசி படிந்த தரையில் கையூன்றி, மேசைக்கு அடியில் நுழைந்தான். ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இருக்குது" என்றான் உள்ளேயிருந்து.

"நல்லா ஆட்டிப் பாருங்கண்ணே" என்றாள் தேவி.