இவருடைய நம்பர்

மாணவர்களின் புள்ளிகளை இனி மெயிலில்தான் அனுப்ப வேண்டுமாம். அதிபர் அப்படிச் சொன்னதால் பள்ளிக்கூடம் விட்டதும் உட்துறைமுக வீதியில் இருக்கும் முனாப் நானாவின் கொமினிகேஷன் கடைக்குப் போனேன். போட்டோக் கொப்பி, ரீலோட், மெயில் திறத்தல் எல்லாம் அங்கேதான்.

"எந்த மெயில் வேணும், டீச்சர்? எல்லாரும் வச்சிருக்கிறது இருக்கு, அது போன் நம்பர் கேக்கும். இன்னொண்டு நம்பரே கேக்காது. ஆனா பாஸ்வேர்ட் மறந்தா ஒருத்தராலும் திறக்க ஏலாது."

"நம்பர் கேக்காதது" என்றேன். எதைச் சொல்லியிருந்தாலும் எனக்கு ஒன்றுதான். இவர், என் மனுசன், போனதிலிருந்து எல்லாமே அப்படித்தான். சோறும் கறியும் கூட வாய்க்கு ஒரே மாதிரி. நான் அழவில்லை என்று எங்கள் அன்புவழிபுரத்தில் கதை. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட ஏலாது. அழுகை வந்தால் அழமாட்டேனா?

"முந்தி ஒரு மெயிலும் இருக்கேல்லையோ?"

இருந்தது. என் பெயரில் இவர் திறந்தது. இவருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. போன் எப்போதும் நிறைந்து கிடக்கும் என்று எடுத்த படங்களை எல்லாம் அந்த மெயிலுக்கே அனுப்பி வைப்பார். நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை, பாஸ்வேர்டும் கேட்டதில்லை. படகில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது சட்டைப்பையில் இருந்த போன் கடலுக்குள் போய்விட்டது. என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு படம்.

"கன நாள் திறக்காட்டி அவங்களே அழிச்சுப் போடுவாங்கள், டீச்சர். எல்லாப் படமும் போயிரும்" என்றபடி நான் சொன்ன பழைய மெயில் முகவரியை நானா தட்டிப் பார்த்தார். "நல்ல காலம், இன்னும் இருக்கு. பாஸ்வேர்ட் மாத்த ஒரு போன் நம்பருக்கு கோட் இலக்கம் ஒண்டு அனுப்பும். அந்த நம்பர்ட கடைசி ரெண்டு இலக்கம் நாப்பத்தேழு. உங்கட நம்பரோ?"

என்னுடையது இல்லை. மனைவியின் நம்பரை எங்கேயும் கொடுக்கக் கூடாது, கண்டவனும் கோல் எடுப்பான் என்பது இவருடைய சட்டம். இங்கே முக்கால்வாசி ஆண்களின் சட்டமும் அதுதான். கரண்ட் பில்லில் இருந்து என் பல் வைத்தியர் வரைக்கும் இவருடைய நம்பர்தான். பெரிய பாதுகாப்பு! ஆளும் போனார், நம்பரும் போயிற்று.

"அந்த நம்பரை இந்நேரம் வேற ஆருக்கும் வித்திருப்பாங்கள்" என்றார் நானா.

கோட் இலக்கத்தை அனுப்பச் சொல்லிவிட்டு என் போனை எடுத்தேன். அந்த நம்பரை 'இவர்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். கூடவே அந்த ஒரே படம், படகின் முன்னால் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி. இவர் இறந்த பிறகு நான் அந்த நம்பருக்கு அடித்ததே இல்லை.

ஒரு பெண் எடுத்தாள். ஊர் கிண்ணியாவாம், பெயர் பஸ்மியாவாம்.

"ஓம், இப்பதான் ஒரு கோட் வந்த. ஆனா கோட் கேட்டா ஆருக்கும் குடுக்கப்போடாதெண்டு மகன் சொல்லியிருக்கான்."

"தங்கச்சி, இது என்ர மனுசன்ட நம்பரா இருந்தது."

"அப்ப அவர்ட்ட குடுங்க, கதைக்கிறன்."

"அவர் இல்லை. மோசம் போயிட்டார்."

"மகன்ட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டு நானே எடுக்கிறன், அக்கா" என்று வைத்தாள்.

"கெதியா எடுத்தா நல்லம், கோட் கொஞ்ச நேரத்தில செல்லாமப் போயிரும்" என்று நானா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதற்றம்கூட வரவில்லை. மேசையில் போனை வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தேன்.

போன் அடித்தது.

திரையில் இவர். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி இவர். வேலை முடிந்து வரும்போது, 'பாண் வாங்கவோ?' என்று கேட்க அடிப்பாரே, அதே மாதிரி. கண் எரிந்தது.

"எடுங்கோ டீச்சர், கோட் போயிரும்! படமெல்லாம் அதுக்குள்ள!"

நான் கையை நீட்டவில்லை.

"கொஞ்சம் அடிக்கட்டும், நானா."