அருவித் தண்ணீரும் பதினோரு மேற்கோளும்

தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்துக்கு ஜெபமலர்தான் எல்லாம். சளியும் ரத்தமும் சோதித்த நேரம் போக, கிருமி ஆராய்ச்சியும் செய்தாள். நான்கு கட்டுரைகள் அச்சேறின. மூன்றை அவள் அப்பாவைத் தவிர யாரும் சீந்தவில்லை. அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. 1956-இல் வந்த ஒன்றுதான் கொடிகட்டிப் பறந்தது.

குற்றால அருவித் தண்ணீரில் டைபாய்டு கிருமியை விட்டால் இரண்டே நாளில் செத்துப்போகிறது, கிணற்றுத் தண்ணீரிலோ ஒரு வாரம் பிழைத்துக் கிடக்கிறது என்பதுதான் அதன் சாரம். மூலிகைத் தண்ணீர் என்று காலங்காலமாகப் பெருமை பேசிய ஊருக்குக் கேட்க வேண்டுமா? பிரதி கேட்டு ஜெர்மனியிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கார்டுகள் வந்தன. தபால்காரர் வேல்சாமி ஒவ்வொரு கார்டையும் தெருவே பார்க்கும்படி நீட்டிப் பிடித்துக்கொண்டு வருவார்.

1963-இல் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியரின் கடிதம் வந்தது. 'உங்கள் கட்டுரையைப் பதினோரு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எங்கள் துறையில் உங்களுக்கென்று தனி ஆய்வுக்கூடம் தர நினைக்கிறோம். சோதனையை ஒருமுறை திரும்பச் செய்து முடிவை அனுப்புங்கள்.' கூடவே ஒரு பெட்டி புதுப் பாட்டில்களும் வந்தன.

புதுப் பாட்டிலில், அருவித் தண்ணீரில், எட்டாம் நாளும் கிருமி குத்துக்கல் மாதிரி இருந்தது. திரும்பச் செய்தாள், அப்படியேதான். ஆய்வுக்கூடத்தில் சாமான் கழுவும் ரெங்கம்மாளைக் கூப்பிட்டாள். அருவியில் தண்ணீர் பிடித்து வருவதும் அவள்தான். குற்றாலம் போய் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் வருவது அவள் அகராதியிலேயே கிடையாது.

"யக்கா, பழைய பாட்டிலை எல்லாம் எதுல கழுவுவீய?"

"குளிச்ச கையோட பிடிக்கேன்லா, பாட்டில் பூரா எண்ணெப் பிசுக்கு. சும்மா கழுவுனாப் போகுமா? சீயக்காத்தூள் போட்டு ஊற வச்சு அலசுவேன்."

"எல்லாப் பாட்டிலையுமா?"

"அருவிப் பாட்டிலை மட்டுந்தாம்மா. கெணத்துப் பாட்டில்ல ஏது எண்ணெ?"

அந்தப் பழைய பாட்டில்களில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். இரண்டே நாளில் கிருமி செத்தது. கொன்றது மூலிகையல்ல, கொதிக்க வைத்தும் போகாத சீயக்காய்ப் பசை. பழைய நோட்டைப் புரட்டினாள். முதல் தடவை, இன்னும் சீயக்காய் படாத பாட்டிலில், அருவித் தண்ணீரிலும் கிருமி சாகவில்லை என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. தன் கைத்தவறு என்று அதை அன்றே குறுக்கே அடித்திருந்தாள்.

பழைய பாட்டிலிலேயே சோதனை செய்து அனுப்பினால் யாருக்குத் தெரியும்? மூன்று நாள் பழைய பாட்டிலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அந்த ஆய்வுக்கூடத்தை அவ்வளவு ஆசைப்பட்டாள். நான்காம் நாள், அடித்த வரி உட்பட எல்லாவற்றையும் எழுதி, திருத்தக் குறிப்பாக, கட்டுரை வந்த பத்திரிகைக்கு ஒன்றும் சென்னைக்கு ஒன்றும் அனுப்பினாள். பத்திரிகை கடைசிப் பக்கத்தில் போட்டது. சென்னை வேலை வேறொருவருக்குப் போனது.

"என்னாலதானம்மா இம்புட்டும்," என்று ரெங்கம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"நீங்க கழுவத்தான செஞ்சீய. நெசத்தை அடிச்சது நானுல்லா," என்றாள் ஜெபமலர்.

கார்டுகள் நிற்கவில்லை. எல்லாம் பழைய கட்டுரையைக் கேட்டுத்தான். ஒவ்வொன்றுக்கும் திருத்தத்தையும் சேர்த்தே அனுப்பினாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். 1969-இல் சென்னைக்குப் போனபோது நூலகத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். பழைய கட்டுரையை முப்பத்தொரு பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். திருத்தத்தை ஒருவர்கூடக் காட்டவில்லை. உலகத்தில் அவள் பெயர் நிலைத்துவிட்டது, அவளே தப்பென்று சொன்ன ஒன்றால்.

ஊர் திரும்பியதும் மேஜைமேல் பிரதி கேட்டு இன்னொரு கார்டு கிடந்தது. திருத்தத்தை மேலே வைத்து, குண்டூசி குத்தி, உறையை ஒட்டினாள்.