முந்தி வெட்டிய கிடாய்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு தூக்குச்சட்டியில் வந்தது. உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பு இருந்தது.

1969. நான் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர். பதிந்தவர்களின் பெயரையும் படிப்பையும் அட்டையில் எழுதி, ஓர் எண் போட்டு, முத்திரை குத்தித் தபாலில் அனுப்புவது என் வேலை. ஒருநாள் மத்தியானம், கல்லல் பக்கத்துக் கிராமத்திலிருந்து மீனம்மாள் என்பவர் வந்து என் மேசைமேல் தூக்குச்சட்டியை வைத்தார்.

"எம் மகன் மாயக்கண்ணனுக்கு வேலை போட்டுக் குடுத்தீகளே, அந்த ஐயா நீங்கதானே? கருப்பருக்குக் கிடா வெட்டியாச்சு. இது உங்க பங்கு."

நான் போட்டது வேலை இல்லை, எண். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மூடியைத் திறந்துவிட்டார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை.

கறியைத் தின்றவன் கதையையாவது ஒழுங்காக எழுத வேண்டாமா? அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வறண்ட செம்மண் பூமியில், கண்கள் நிறையக் கனவுகளோடு மாயக்கண்ணன் என்ற ஏழை இளைஞன் —"

அடித்துவிட்டேன். அவன் கண்களில் இருந்தது நெல் தூசி.

இரண்டாவது: "நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகிவரும் இவ்வேளையில் —" இதை எங்கள் மேலதிகாரி என்னைவிட நன்றாக எழுதுவார்.

மூன்றாவது: "அட்டை தபாலில் வந்த அன்று மாயக்கண்ணன் ஊரில் இல்லை."

இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறி இரண்டு வருடமாகியும் அவனுக்குக் கிடைத்தது மூட்டை தூக்கும் வேலைதான். அன்றைக்கும் கோவிலூருக்கு நெல் மூட்டை ஏற்றப் போயிருந்தான். தபால்காரர் அட்டையை வாசித்துக் காட்டினார்: பெயர், தகப்பன் பெயர், எண், சர்க்கார் முத்திரை. மீனம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சர்க்காரின் வழக்கம் தெரியும். ரேஷன் அட்டை வந்தது, பின்னாலேயே சீனி வந்தது. தெருக் கம்பங்களுக்கு எண் எழுதினார்கள், பின்னாலேயே விளக்கு எரிந்தது. இப்போது மகனுக்கு எண் வந்துவிட்டது. வேலை கிடைத்தால் கருப்பருக்குக் கிடாய் என்று அவர் வேண்டியிருந்தார். நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவானேன் என்று அன்றைக்கே வெட்டிவிட்டார்.

சாயங்காலம் மாயக்கண்ணன் ஊருக்குள் நுழைந்தபோது, எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் வாயைத் துடைத்துக்கொண்டே அவனை வாழ்த்தினார்கள்.

"யாரு வீட்டு விசேசம், ஆத்தா?"

"நம்ம வீடுதான். ஒனக்கு வேலை வந்திருச்சுல்ல. ஒம் பங்கை மூடி வச்சிருக்கேன், சாப்பிடு."

அவன் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "இது வேலை இல்ல ஆத்தா. வேலை கேட்டிருக்கோம்னு அவுக எழுதி வச்சுக்கிட்டதுக்கு அடையாளம். அம்புட்டுத்தான்."

மீனம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளிவைத்தார்.

"அதை நான் போயிக் கருப்பர்கிட்டச் சொல்ல மாட்டேன்," என்றார். "வேணும்னா நீ போயிச் சொல்லு."

(இந்த இடத்தை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. மீனம்மாள் என்னைப் பார்க்க வந்தது இதற்கு மறுநாள். அதாவது, தூக்குச்சட்டியை என் முன்னால் வைத்தபோது அது வேலை இல்லை என்று அவருக்குத் தெரியும். தின்றவன் கடன்படுவான் என்று, தெரிந்தேதான் எனக்குக் கறி போட்டிருக்கிறார். இத்தனை காலம் அவரை வெள்ளந்தி என்று நினைத்திருந்தேன். வெள்ளந்தி யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.)

3

அந்த ஊரில் வேண்டுதல் பலித்த பிறகுதான் கிடாய் விழும். முன்கூட்டியே செலுத்தியவர் யாரும் கிடையாது. வந்தது வெறும் எண் என்று தெரிந்ததும், கருப்பரே திகைத்துப்போயிருப்பார் என்று ஊரில் பேச்சு. மாயக்கண்ணன் எந்தப் பக்கம் போனாலும் ஒரே கேள்வி.

"எப்ப மாப்ள வேலையில சேருறே?"

அவன் "இந்தா, கூப்பிடுவாக" என்று சிரித்து வைப்பான். தன்னைக் கேலி செய்தால் அவனுக்கு ஒன்றுமில்லை. வேலை கிடைக்காமலே போனால் ஊர்ச் சிரிப்பு அத்தனையும் ஆத்தாளின் தலையில் விழும், காலத்துக்கும் விழும். அதை நினைத்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

4

அடுத்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஏழைக் கிராமத்து இளைஞர்களுக்குப் பம்ப்செட் பழுது பார்க்கும் பயிற்சி. காரைக்குடியில் ஒன்பது மாதம். இருபது பேரைச் சேர்ப்பார்கள். முடிவில் எட்டுப் பேருக்குச் சர்க்கார் வேலை.

முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "எழுத்தர் நெஞ்சம் துடிக்க, மாயக்கண்ணனின் அட்டையை உருவி எல்லாவற்றுக்கும் மேலே —"

பொய். பதிவு மூப்புப்படிதான் பட்டியல் போனது. அவன் பெயர் பதினேழாவதாகத் தானாகவே வந்தது. தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள எழுத்தாளனுக்கு ஒரு பேனா போதும்.*

* பட்டியலைத் தட்டச்சு செய்தபோது பதினேழாவது பெயரில் என் கை கொஞ்சம் குதித்தது உண்மை. அந்த மகிழ்ச்சியை மட்டும் பொய் என்று அடிக்க முடியாது.

பயிற்சி நிலையம் ஒரு தகரக் கொட்டகை. வாத்தியார் பெயர் வயிரவன். முதல் நாளே ஒரு மோட்டாரைப் பிரித்துக் கோணிச்சாக்கின்மேல் பரப்பிவிட்டு, "இதைத் திரும்ப மோட்டாராக்குங்க. மிச்சம் ஏதும் இருந்தா எங்கிட்டக் குடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மாயக்கண்ணன் கையில் மூன்று போல்ட்டு மிஞ்சியது. மறுவாரம் ஒன்று. அதற்கடுத்த வாரம் ஒன்றுமே மிஞ்சவில்லை. பொத்தானை அழுத்தியதும் மோட்டார் ஓடியது. அவன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். தன் கையால் ஒரு பொருள் உயிர் பெற்று ஓடுவதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு ரயிலில் கல்லல் போகும் வரை முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டு போனான்.

ஒரே ஒரு பழக்கத்தைத்தான் வயிரவனால் மாற்ற முடியவில்லை. தண்ணீர் தரும் இடத்தைச் செருப்புக் காலோடு மிதிக்கலாமா என்று, பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் மாயக்கண்ணன் செருப்பைக் கழற்றிவிடுவான்.

"தம்பி, கருப்பர் கோயில்ல கழட்டு. கரண்டுகிட்டப் போட்டுக்க. கரண்டுக்குப் பக்தியெல்லாம் தெரியாது."

"சரிங்க சார்" என்பான். பேசிக்கொண்டிருக்கும்போதே கால் தன்பாட்டுக்குச் செருப்பை விட்டு இறங்கிவிடும்.

5

கதையில் ஒரு பெண் இல்லையே என்று அழகி என்று ஒருத்தியைக் கொண்டுவந்தேன். கொட்டகைக்கு எதிரே தண்ணீர்க் குடத்தோடு நிறுத்தினேன். இரண்டு பத்தி அவள் அப்படியே நின்றாள். மூன்றாவது பத்தியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைக் கேட்டாள்:

"நானும் எட்டாப்புத் தேறியிருக்கேன். என்னைய எதுக்கு இங்குட்டுச் சும்மா நிறுத்தி வச்சிருக்கீக? உள்ள சேத்துக்கிருவாகளா?"

சுற்றறிக்கையில் "இளைஞர்கள்" என்றுதான் இருந்தது. பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தக் கதையில் எனக்கு வெட்கமான இடம் இது. அவளாகவே குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

6

தேர்வு. செய்முறையில் மாயக்கண்ணன் மற்றவர்களுக்கு முன்னால் முடித்தான். பிறகு வாய்மொழிக் கேள்வி. வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரி, யாரும் தவறவிட முடியாத கேள்வியைத்தான் கேட்டார்.

"பழுதான மோட்டார்கிட்டப் போனதும் முதல் காரியமா என்ன செய்வே?"

மெயின் சுவிட்சை நிறுத்துவேன் என்று சொல்ல வேண்டும். ஒன்பது மாதம் படித்தது அது.

"செருப்பைக் கழட்டுவேன்" என்றான் மாயக்கண்ணன்.

வயிரவன் கூரையைப் பார்த்தார். அதிகாரி பேனாவை எடுத்து எதையோ எழுதினார். நீளமாகவே எழுதினார். வெளியே வந்த மாயக்கண்ணன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒரு சொல்லில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டோமோ என்று அழுதான். வயிரவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கையி நல்லாப் பேசுச்சு. வாயிதான் உளறிருச்சு. எதுக்கு மார்க்குப் போடுவாகன்னு பாப்போம்."

அதிகாரி என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரமே என் தற்காலிக வேலை முடிந்து, நான் எழுதிக்கொண்டிருந்த அதே மேசைக்கு முன்னால் வரிசையில் நின்று எனக்கும் ஓர் எண் வாங்கிக்கொண்டேன்.

7

முடிவு, ஒன்று: எட்டுப் பேரில் அவனும் ஒருவன். ஊரே மாலையோடு கல்லல் ரயில் நிலையத்தில் —

இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

முடிவு, இரண்டு: எட்டில் அவன் இல்லை. மறுபடி மூட்டை. ஊர் சிரிக்க, மீனம்மாள் தலைகுனிந்து —

மீனம்மாளாவது, தலைகுனிவதாவது. என்னையே ஏய்த்தவர் அவர்.

ஆகவே நான் முடிக்கப்போவதில்லை. எழுதி முடித்த வரைக்கும் உங்களைக் கூட்டிப்போகிறேன், வாருங்கள்.

காலை பத்து மணி. ஊருக்குக் கிழக்கே பெரியகருப்பனின் கிணறு. நாலு நாளாகப் பம்ப்செட் தண்ணீர் இழுக்கவில்லை, நாற்று வாடுகிறது. உள்ளே பாதிக் கிணற்றுத் திட்டில் மாயக்கண்ணன் குழாயைக் கழற்றி, அதன் அடிமுனை வால்வில் சிக்கிய ஓலைக் கிழிசலை எடுத்துவிட்டு, திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கிறான். மேலே மோட்டார் சுவிட்சில் கைவைத்தபடி பெரியகருப்பன். கிணற்று மேட்டில் மீனம்மாள். நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள்.

வரப்பில் தபால்காரர் வருகிறார். மாயக்கண்ணன் பெயருக்கு ஒரு காக்கி உறை, மேலே சர்க்கார் முத்திரை. இன்னும் ஆறு ஊர் போக வேண்டும் என்று, மேட்டில் நின்ற உங்கள் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டிவிடுகிறார்.

"ஆத்தா, தபால்காரர் சத்தம் கேட்டுச்சே, காயிதம் வந்திருக்கா?" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல்.

"வந்திருக்குப்பா."

"என் கை பூராக் கிரீசு. யாரையாச்சும் பிரிச்சு வாசிக்கச் சொல்லு. அண்ணே, சுவிச்சைப் போடுங்க."

பெரியகருப்பன் போடுகிறார். குழாய் இருமுறை இருமுகிறது. காற்றைத் துப்புகிறது. பிறகு திரண்டு வருகிறது தண்ணீர். தொட்டியில் விழுந்து, வாய்க்காலில் இறங்கி, நாற்றைப் பார்த்து ஓடுகிறது. பெரியகருப்பன் வேட்டியோடு தொட்டிக்குள் இறங்கி நின்று சிரிக்கிறார். கிணற்றுக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்கிறது. எனக்கு இங்கே, மேசையில் உட்கார்ந்தபடியே, கை நனைந்த மாதிரி இருக்கிறது.

மேட்டில் எழுத்துத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். மீனம்மாள் தண்ணீரைப் பார்க்கிறார், உறையைப் பார்க்கிறார், பிறகு உங்களைப் பார்க்கிறார்.

"படிச்சவுக மாதிரி இருக்கீக. பிரிச்சு வாசிங்க. நல்லாச் சத்தமா வாசிங்க, மோட்டார் ஓடுது."