ஜன்னலோர ஃபெராரி

கள்ளிக்குப்பத்தில் வேன் ஏறும்போது தேவிப்பிரியாவின் வயிறு நல்லபடியாகத்தான் இருக்கும். ஆவடி தாண்டி, பருத்திப்பட்டு வளைவுகளில் புரள ஆரம்பிக்கும். பூந்தமல்லிக்குள் வாயில் புளிப்பு ஊறிவிடும். முகத்தில் காற்று பட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் இருங்காட்டுக்கோட்டை கம்பெனிக்குப் போகும் அந்த வேனில் திறக்கக்கூடிய ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். மற்றவை துருவேறி இறுகிப்போனவை. அந்த ஒன்றும் ஸ்டோர் கீப்பர் அழகேசனின் பிடியில் இருந்தது.

பிடி என்றால் சட்டப்படியான பிடி. இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் மைதானம் இருப்பதால், சில சனிக்கிழமைகளில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அந்தச் சாலையில் போகும். எந்தக் கார் என்று முதலில் சரியாகச் சொல்பவருக்கு, அடுத்த கார் கண்ணில் படும்வரை ஜன்னல். தப்பாகச் சொன்னால் பின்சக்கரத்துக்கு மேலே, தூக்கித் தூக்கிப் போடும் சீட். டிரைவர் சம்பத் போட்ட சட்டம், தீர்ப்பும் அவருடையதே.

இதுவரை யாரும் தப்பாகச் சொன்னதில்லை. கார் விர்ரென்று போய்விடும். அழகேசன் ஒரு பெயரைக் கத்துவார். இல்லை என்று மறுக்க யாருக்கும் தெரியாது.

தேவிப்பிரியாவுக்குத் தெரியும். ஜன்னலுக்காகத்தான் போனில் படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினாள். பிறகு ஜன்னல் மறந்துபோயிற்று. ஒரு கதவின் வளைவையோ விளக்கின் வட்டத்தையோ நெடுநேரம் பார்த்தபடி இருப்பாள். அவற்றில் எதையும் அவள் வாங்கப்போவதில்லை. அதனாலேயே பார்ப்பது நிம்மதியாக இருந்தது.

தெரிந்து என்ன? போன மாதம் ஆவடியில் சான் ஸ்டார்ம் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று போனது. மெல்லச் சொன்னாள். அவள் குரல் முடிவதற்குள் அழகேசன் அதே பெயரை வேனே அதிரக் கூவினார். "ரெண்டு பேரும் சொன்னா, உக்காந்துகினு கீறவருக்குத்தான்" என்று தீர்ப்பு வந்தது.

இந்தச் சனிக்கிழமை நசரத்பேட்டை சிக்னலுக்கு முன்னால் வேன் அசையாமல் நின்றது. பக்கத்தில் தாழ்வான பச்சை நிறக் கார் ஒன்று வந்து ஒட்டி நின்றது. கூரையில்லை. இரண்டே இருக்கை. ஓட்டிவந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். காட்டன் புடவை, தலையில் கிரிக்கெட் தொப்பி.

தேவிப்பிரியா எட்டிப் பார்த்தாள். கம்பிச் சக்கரங்கள். நீண்ட பானட்டின் இரு பக்கமும், பாவாடைக்குக் கரை தைத்ததுபோல் ஓடும் விளிம்பு. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். படத்தில் இருந்ததைவிடச் சின்னது. பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

விழுங்கினாள். சொன்னால் மறுபடியும் கூவிவிடுவார். அவர் முதலில் சறுக்க வேண்டும்.

அழகேசனும் வாய் திறக்கவில்லை. கார் நகரட்டும் என்று காத்திருந்தார். கார் நகர்வதாக இல்லை.

"இன்னா அண்ணாத்தே, பேரு வர்ல?" என்றான் பேக்கிங் பிரிவு வேம்புலி.

"இருடா, பாத்துகினு கீறேன்ல."

"வேணாண்ணா, நீங்க சொல்லாதீங்க" என்றாள் தேவிப்பிரியா, மிகுந்த கரிசனத்தோடு. "இது கஷ்டமான வண்டி."

"யாருக்குக் கஷ்டம்? எனக்கா?" அழகேசன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஃபெராரிம்மா! எங்க மாமா சோழவரம் ரேஸ்ல இத்த தொட்டே பாத்துகீறாரு."

"தொட்டதுக்கு ஒதை வாங்கினாரா?" என்ற வேம்புலி, அழகேசனைத் தாண்டி ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "அக்கா, இது ஃபெராரியா?"

தேவிப்பிரியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண்மணி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஆமாம்பா. ஃபெராரிதான்."

வேனில் விசில் பறந்தது. அழகேசன் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டார். தேவிப்பிரியா சம்பத்தைப் பார்த்தாள். காருக்குச் சொந்தக்காரியே சொன்ன பிறகு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அப்போது பச்சைக் காரின் முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. நெரிசலில் நின்று நின்று இன்ஜின் கொதித்துவிட்டது. பெண்மணி வண்டியை ஓரத்துக்கு உருட்ட முயல, சம்பத்தும் வேனை ஓரங்கட்டினார். வேம்புலி குதித்து ஓடித் தள்ளினான். தேவிப்பிரியாவும் தண்ணீர் பாட்டிலோடு இறங்கினாள்.

பெண்மணி பானட்டைத் தூக்கினாள். மூடி மட்டும் அல்ல, விளக்குகள், மட்கார்டுகள் எல்லாம் சேர்ந்து காரின் மூஞ்சியே முன்பக்கமாகக் கவிழ்ந்தது. வேம்புலி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான்.

"டேய், கைய எடு! வெந்து போயிடும்!" என்று கத்தினார் சம்பத்.

தேவிப்பிரியா குனிந்து இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "மேடம், இது ஸ்பிட்ஃபயர்தானே?"

பெண்மணி தொப்பியைக் கழற்றினாள். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் யாரோ சரியான பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் முகம் மலர்ந்தது. "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அப்ப ஏன் ஃபெராரின்னீங்க?" என்றாள், அழாத குறையாக.

"ஃபெராரின்னா ஒரு கேள்வியோட விட்டுடுவாங்க. ஸ்பிட்ஃபயர்னா, அது என்ன, எந்த ஊரு, மைலேஜ் என்னன்னு சிக்னல் விழற வரைக்கும் பாடம் நடத்தணும்."

"போச்சு மேடம். என் ஜன்னலே போச்சு."

விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்மணி சிரித்த சிரிப்பில் பக்கத்தில் பைக்கில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேராக வேனுக்கு வந்தாள். "ஐயா, நான் சொன்னது பொய். இது ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். இந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி."

"அதெப்படி? மொதல்ல சொன்னதுதான் பேச்சு" என்று குதித்தார் அழகேசன். "ஓனரம்மாவே மாத்தி மாத்திப் பேசினா?"

"வண்டி அவங்களுது. பேரும் அவங்களுதுதான். எந்திரி நைனா" என்றார் சம்பத். "பின்சக்கரம்."

இன்ஜின் ஆறியபிறகும் உயிர் பெறவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அழகேசனும் தள்ளினார், அந்தச் சாக்கில் மாமாவைப் போலத் தொட்டும் பார்த்தார். கார் இருமி, உறுமி, பிழைத்துக்கொண்டது.

"நானும் இருங்காட்டுக்கோட்டைக்குத்தான். ஏறிக்கிறியா?" என்றாள் பெண்மணி.

நான்கு பக்கமும் காற்று. ஜன்னலே தேவையில்லாத வண்டி. தேவிப்பிரியா கதவில் கை வைத்தாள். அப்புறம் வேனை ஒரு தடவை பார்த்தாள். காலி ஜன்னலைக் கண்டால் அழகேசன் சும்மா இருக்கக்கூடியவர் அல்ல.

ஓடிப்போய் வேனில் ஏறினாள். ஜன்னலோர சீட்டில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து, துப்பட்டாவால் கம்பியோடு இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

"இன்னாம்மா இது அநியாயம்!" என்றார் பின்சக்கரத்தின் மேலிருந்து அழகேசன்.

"கொட்டிடாம பாத்துக்கோங்கண்ணா. சாம்பார் சாதம்" என்று சொல்லிவிட்டு இறங்கி, பச்சைக் காருக்கு ஓடினாள்.

அன்று இருங்காட்டுக்கோட்டை வரை, முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு சாம்பார் சாதம் போனது.